இயக்க நரம்புச் செல்களும் வளர்ச்சிக் காரணிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நரம்பு உடலியங்கியல் வகுப்பிலும், இயக்க நரம்பு நோய் கண்டவர்களின் குடும்பத்தாரோடு பேசும்போதும், வளர்ச்சிக் காரணிப் புரதங்களைப் பற்றி ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப என்னிடம் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட சொற்களிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில் வருகின்றன. பின்னால் வரும் பதில்கள் முன்னவற்றைச் சார்ந்திருப்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

இயக்க நரம்புச் செல் என்பது எது? அதில் அப்படி என்ன விசேஷம்?

தண்டுவடத்தின் முன்கொம்பிலும் மூளைத்தண்டிலும் இருந்தபடி தசைகளைச் சுருங்கச் செய்யும் செல்களையே இங்கே இயக்க நரம்புச் செல்கள் என்கிறோம். மூளை எதை நினைத்தாலும் அந்தக் கட்டளை கடைசியில் இவற்றின் வழியாகத்தான் தசையை அடைந்தாக வேண்டும். மாற்றுப் பாதை கிடையாது. கண்ணை அசைக்கும் தசைகளில் ஒரு செல்லின் பொறுப்பில் ஏறத்தாழ பத்துத் தசையிழைகளே இருக்கும். கெண்டைக்காலிலோ ஒரே செல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இழைகளை ஆள்கிறது.

விசேஷம் அதன் உருவத்தில் இருக்கிறது. பாதத்தின் சிறு தசையை இயக்கும் செல்லின் உடல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதிலிருந்து கிளம்பும் ஆக்சான் என்னும் நீள்இழையோ ஒரு மீட்டருக்கு அருகில் நீள்கிறது. செல்லின் உடலை 7 சென்டிமீட்டர் பந்தாகப் பெருக்கிக் காட்டினால், அதே அளவில் இழை ஒரு கிலோமீட்டர் நீளும். இவ்வளவு தூரத்தைப் பராமரிக்க வேண்டிய இந்தச் செல் பிறகு பிரிந்து பெருகுவதும் இல்லை, இழந்தால் இழந்ததுதான்.

வளர்ச்சிக் காரணி என்றால் நரம்புக்குக் கொடுக்கிற சத்து, டானிக் மாதிரியா?

இல்லை. நான் அதிகம் திருத்த வேண்டியிருப்பது இந்த எண்ணத்தைத்தான். 'நரம்பு ஊட்டக் காரணி' என்ற நம் கலைச்சொல்லும் இந்தக் குழப்பத்துக்குத் துணைபோகிறது. செல்லுக்கு ஆற்றல் தருபவை குளுக்கோசும் ஆக்சிஜனும். வளர்ச்சிக் காரணி எரிக்கப்படும் பொருளே அல்ல, அது ஒரு செய்தி. செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பி என்னும் புரதத்தில் வந்து ஒட்டிக்கொண்டு, 'உன் இழை சேர வேண்டிய இடத்தில் சேர்ந்திருக்கிறது, நீ உயிரோடு இரு' என்று தெரிவிப்பதே அதன் வேலை.

ஆய்வகத் தட்டில் இதைக் கண்ணால் காணலாம். கருவிலிருந்து பிரித்தெடுத்த இயக்க நரம்புச் செல்களைக் குளுக்கோஸ், அமினோ அமிலம், உப்பு, வைட்டமின் என்று எதற்கும் குறையில்லாத நீர்மத்தில் வளர்த்தாலும், இரண்டு மூன்று நாட்களுக்குள் பெரும்பாலானவை சுருங்கி, மேற்பரப்பில் கொப்புளங்கள் எழும்ப, துண்டுதுண்டாகச் சிதறிவிடும். அதே நீர்மத்தில் ஜிடிஎன்எஃப் என்ற காரணியை எடைபோட முடியாத அளவு சொற்பமாகச் சேர்த்தால் அவை இழை விட்டுப் பரவுகின்றன. அந்தச் செல்கள் பட்டினியால் சாகவில்லை. தம்மைத் தாமே அழித்துக்கொள்ளும் ஏற்பாடு அவற்றுக்குள் தயாராக இருக்கிறது. அதைத் தடுத்து நிறுத்தும் செய்தி வராததால் சாகின்றன.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

கோழிக் கருவின் சிறகு மொட்டை நறுக்கி எடுத்ததில் தொடங்கியது. முட்டை ஓட்டில் சிறு சாளரம் வெட்டி, வளரப்போகும் சிறகை நீக்கிவிட்டால், அந்தப் பக்கத் தண்டுவடத்தில் இயக்க நரம்புச் செல்கள் பெருமளவு குறைந்துவிடுவதை விக்டர் ஹாம்பர்கர் 1934-இல் விவரித்தார். சிறகு இல்லாததால் செல்கள் உருவாகவே இல்லை என்பது அவருடைய முதல் விளக்கம். இத்தாலியில் போர்க்காலத்தில் வீட்டுப் படுக்கையறையை ஆய்வகமாக்கி அதே சோதனையைத் திரும்பச் செய்த ரீட்டா லெவி-மோண்டால்சினி, செல்கள் உருவாகின்றன, பிறகு சாகின்றன என்று கண்டார். இருவரும் பின்னர் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் சேர்ந்து பணியாற்றினர். அங்கே ஸ்டான்லி கோஹனும் இணைந்த ஆய்வில் என்ஜிஎஃப் என்ற முதல் நரம்பு வளர்ச்சிக் காரணி பிரித்தெடுக்கப்பட்டது. லெவி-மோண்டால்சினிக்கும் கோஹனுக்கும் 1986-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஹாம்பர்கர் விடுபட்டது இன்றுவரை சிலருக்கு உறுத்தலாக இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மொட்டை நீக்கிய சோதனையில் கண்ணுக்குப் பளிச்செனத் தெரிந்தது இயக்க நரம்புச் செல்களின் சாவு. ஆனால் கண்டுபிடிக்கப்பட்ட என்ஜிஎஃப் உணர்வு நரம்புச் செல்களையும் பரிவு நரம்புச் செல்களையும்தான் காப்பாற்றியது. இயக்க நரம்புச் செல்களைக் காப்பாற்றவில்லை. அவற்றுக்குரிய காரணிகள் 1990-களில்தான் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன.

கருவிலேயே பாதி நரம்புச் செல்கள் செத்துப்போகும் என்கிறார்களே, அது நோயில்லையா?

நோயில்லை, வளர்ச்சியின் ஒரு படி. கோழிக் கருவின் கால் பகுதித் தண்டுவடத்தில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 20,000 இயக்க நரம்புச் செல்கள் உருவாகி, சில நாட்களுக்குள் சுமார் 12,000 ஆகக் குறைகின்றன. தசை எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ற எண்ணிக்கையில் நரம்புச் செல்களை நிறுத்திக்கொள்ளும் வழி இது. கூடுதலாக ஒரு காலை ஒட்டுவைத்தால் அந்தப் பக்கத்தில் வழக்கத்தைவிட அதிகமான செல்கள் தப்பிக்கின்றன.

தசை வெளியிடும் காரணி அளவானது, அதை எட்டிப் பெற முடிந்த செல்கள் பிழைக்கின்றன என்பது பாடநூல் விளக்கம். மாணவர்களை நான் சற்று நிறுத்தி யோசிக்கச் சொல்லும் இன்னொரு சோதனையும் இருக்கிறது. குராரே போன்ற நஞ்சினால் கருவின் தசைகளை அசையாமல் செய்துவிட்டால், சாக வேண்டிய இயக்க நரம்புச் செல்களில் பெரும்பாலானவை சாவதில்லை. எனவே தசையின் பரும அளவோடு, தசைக்கும் நரம்புக்கும் இடையே நடக்கும் போக்குவரத்தும் சேர்ந்தே இந்தக் கணக்கை முடிவு செய்கிறது.

இயக்க நரம்புச் செல்லுக்கு உதவும் புரதங்கள் எவை?

முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன். பிடிஎன்எஃப் 1982-இல் பன்றியின் மூளையிலிருந்து தூய்மையாகப் பிரிக்கப்பட்டது. அதுவும் அதன் உறவினரான என்டி-4 புரதமும் டிஆர்கே-பி என்ற ஏற்பியில் ஒட்டுகின்றன. சிஎன்டிஎஃப் நரம்பிழையைச் சுற்றியிருக்கும் ஷ்வான் செல்களுக்குள் சேமிப்பில் இருக்கிறது. சாதாரணமாகச் சுரக்கப்படும் புரதங்களுக்கு இருக்கும் வெளியேற்றக் குறியீடு அதற்கு இல்லாததால், அந்தச் செல் சிதையும்போதுதான் வெளியே வருகிறது என்று கருதப்படுகிறது. ஆகவே அதைக் காயத்துக்கான கையிருப்பு என்று பார்ப்பது பொருத்தம்.

ஜிடிஎன்எஃப் 1993-இல் டோபமின் செல்களுக்கான காரணியாக அறியப்பட்டு, மறு ஆண்டே இயக்க நரம்புச் செல்களை மிக வலுவாகக் காப்பதாகக் காட்டப்பட்டது. தட்டில் வளர்த்த செல்களில் பிடிஎன்எஃப்-ஐவிடப் பல மடங்கு குறைந்த செறிவிலேயே அது வேலை செய்கிறது. இவற்றோடு, கல்லீரலும் தசையும் சுரக்கும் ஐஜிஎஃப்-1, ரத்தக் குழாய்களை வளர்ப்பதற்காகப் பெயர்பெற்ற விஇஜிஎஃப், எச்ஜிஎஃப் ஆகியவையும் உண்டு. வளர்ச்சிக் காரணியையும் வளர்ச்சி ஹார்மோனையும் ஒன்றென நினைக்க வேண்டாம். அந்த ஹார்மோன் தூண்டும் புரதங்களில் ஒன்றுதான் ஐஜிஎஃப்-1.

தசையில் ஒட்டுகிற புரதம் ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் செல்லுக்குச் செய்தியை எப்படிச் சேர்க்கிறது?

இழையின் நுனியில் காரணி ஏற்பியோடு இணைந்ததும், செல்சவ்வு அந்த இடத்தில் உள்வாங்கி ஒரு நுண்பையாகக் கிள்ளப்படுகிறது. காரணி உள்ளேயும், ஏற்பியின் விழித்துக்கொண்ட வால்பகுதி வெளிப்புறமுமாக அந்தப் பை அமைகிறது. டைனீன் என்ற இயங்கு புரதம் அதை இழுத்துக்கொண்டு, இழைக்குள் தண்டவாளம் போல் நீண்டிருக்கும் நுண்குழல்கள் வழியாகச் செல்லின் உடலை நோக்கி நடக்கிறது. அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் என்று கொண்டால், வழியில் எங்கும் நிற்காமல் போனாலும் பாதத்திலிருந்து தண்டுவடம் சேரப் பன்னிரண்டு நாட்கள் ஆகும்.

சேர்ந்த பிறகு, ஏற்பியின் வால் தூண்டிய ஏகேடி முதலிய நொதிகள் பேக்ஸ் என்ற புரதத்தை அடக்கி வைக்கின்றன. பேக்ஸ் அவிழ்ந்தால் மைட்டோகாண்டிரியாவில் துளை விழும். அதோடு தன்னழிவு தொடங்கும். நெடுநேரப் பாதுகாப்புக்கான மரபணுக்களையும் இதே செய்தி இயக்குகிறது. இழுவண்டியே பழுதானால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உள்ளது. டைனீனுக்குத் துணைநிற்கும் டைனாக்டின் புரதத்தில் ஏற்படும் ஒரு மரபணுப் பிறழ்ச்சி சில குடும்பங்களில் இயக்க நரம்பு நோயை உண்டாக்குவது 2003-இல் தெரியவந்தது.

ஒரு காரணி போதாதா? எதற்கு இத்தனை?

எல்லா இயக்க நரம்புச் செல்களும் ஒரே காரணியைக் கேட்பதில்லை. ஜிடிஎன்எஃப் மரபணு இல்லாத எலிக்குஞ்சில் இயக்க நரம்புச் செல்களில் ஒரு பகுதிதான் குறைகிறது. தசையின் நீட்சியை அளக்கும் தசைக்கதிர் என்னும் நுண்ணுறுப்புகளுக்குச் செல்லும் காமா வகைச் செல்கள் ஜிடிஎன்எஃப்-ஐ மிகவும் சார்ந்திருக்கின்றன. தசையைச் சுருக்கும் ஆல்பா வகை அந்த அளவுக்குச் சார்ந்திருப்பதில்லை. பிடிஎன்எஃப் இல்லாத எலிகளில் இயக்க நரம்புச் செல்களின் எண்ணிக்கை கருவில் குறைவதே இல்லை.

மனிதரிலும் சான்று உண்டு. சிஎன்டிஎஃப் மரபணு இரு படிகளிலும் செயலிழந்தவர்கள் ஜப்பானிய மக்கள்தொகையில் சுமார் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு அதனால் நரம்பு நோய் எதுவும் வருவதில்லை என்று 1994-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஆனால் சிஎன்டிஎஃப் ஒட்டும் ஏற்பியையே நீக்கிவிட்ட எலிகள் பிறந்த சிறிது நேரத்திலேயே இறந்துவிடுகின்றன. ஒரே ஏற்பியை வேறு புரதங்களும் பயன்படுத்துகின்றன என்பதே இதன் பொருள்.

வளர்ந்து முடிந்த பிறகும் இவை தேவையா?

தேவை, ஆனால் கருவில் இருந்த கெடுபிடி இல்லை. பிறந்த குட்டி எலியின் முக நரம்பை அறுத்தால் அதன் இயக்க நரம்புச் செல்களில் பெரும்பாலானவை சில நாட்களில் மடிகின்றன. அறுத்த முனையில் சிஎன்டிஎஃப் வைத்தால் அவை தப்புகின்றன. வளர்ந்த எலியில் அதே நரம்பை அறுத்தால் பெரும்பாலானவை தாமாகவே பிழைக்கின்றன, ஏனென்றால் அதற்குள் ஷ்வான் செல்கள் முதிர்ந்து மாற்று வரத்தாகிவிட்டன. நரம்பு வேரையே தண்டுவடத்திலிருந்து பிடுங்கினால் மட்டும், அந்த வரத்தும் அற்றுப்போவதால், வளர்ந்த செல்களும் சாகின்றன.

மெதுவாகத் தெரியும் தேவையும் உண்டு. ஆக்சிஜன் குறையும்போது விஇஜிஎஃப் சுரப்பைக் கூட்டும் மரபணுப் பகுதியை மட்டும் நீக்கிய எலிகள் வளர்ந்த பிறகு தசை மெலிந்து இயக்க நரம்புச் சிதைவுக்கு ஆளாயின. பெல்ஜியத்தின் லூவன் நகரிலிருந்து 2001-இல் வந்த இந்த முடிவை யாரும் எதிர்பார்க்கவில்லை. ரத்தக்குழாய்க்காகவே ஆராயப்பட்ட எலிகள் அவை.

கையில் நரம்பு அறுந்து தைத்திருக்கிறார்கள். இந்தப் புரதத்தை அங்கே வைத்தால் சீக்கிரம் சேருமா?

அறுந்த இழை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளர்கிறது. அறுந்த இடத்துக்கு அப்பால் உள்ள ஷ்வான் செல்கள் தாமாகவே ஜிடிஎன்எஃப், பிடிஎன்எஃப் சுரப்பைக் கூட்டி வழிகாட்டுகின்றன; ஆனால் இழை வந்து சேராமல் மாதக்கணக்கில் காத்திருந்தால் அந்தச் சுரப்பு வற்றிவிடுகிறது. தோளருகே அறுந்தால் கைவிரல் தசைகள் மீளாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். தைப்பதைத் தள்ளிப்போடக் கூடாது என்று அறுவை மருத்துவர்கள் வலியுறுத்துவதில் பொருள் இருக்கிறது.

அப்படியானால் நாமே மரபணு வழியாக அங்கே ஜிடிஎன்எஃப் சுரக்கச் செய்யலாமே என்று எலிகளில் செய்து பார்த்தார்கள். செல்கள் பிழைத்தன, இழைகளும் ஏராளமாக வளர்ந்தன; ஆனால் காரணி செறிந்த இடத்தை வந்தடைந்ததும் அங்கேயே நூல்கண்டு போலச் சுருண்டு கிடந்தன, தசையை நோக்கி மேலே போகவில்லை. தின்பண்டக் கடைக்குள் புகுந்த பிள்ளை வெளியே வர மறுப்பதோடு ஆய்வாளர்கள் இதை ஒப்பிட்டார்கள். செய்தி கிடைக்கும் இடமே சேருமிடம் என்று இழை எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

ஏஎல்எஸ் நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்க்கவில்லையா?

பார்த்தார்கள், பெரிய அளவில். (ஏஎல்எஸ் என்பது இயக்க நரம்புச் செல்கள் படிப்படியாக மடியும் நோய்.) 1990-களில் சிஎன்டிஎஃப் தோலடி ஊசியாக 730 பேரிடம் சோதிக்கப்பட்டது. நோய் குறையவில்லை, பசியின்மையும் எடையிழப்பும் இருமலும் வந்தன. பிடிஎன்எஃப் 1,135 பேரிடம் சோதிக்கப்பட்டுப் பயன் காணவில்லை. ஐஜிஎஃப்-1 ஒன்றுதான் நம்பிக்கை காட்டியது: 1997-இல் வெளியான வட அமெரிக்க ஆய்வில் நோயின் வேகம் குறைந்ததாகத் தெரிந்தது, மறு ஆண்டு வந்த ஐரோப்பிய ஆய்வில் அப்படித் தெரியவில்லை, 330 பேரை இரண்டு ஆண்டுகள் கவனித்து 2008-இல் வெளியான மூன்றாவது ஆய்வு பயனில்லை என்று முடித்துவைத்தது.

எலிக்கு வேலை செய்தது மனிதனுக்கு ஏன் செய்யவில்லை?

முதல் காரணம், செய்தி சேரவே இல்லை. தோலடியில் போட்ட புரதம் ரத்தத்தில் விரைவாகக் கழிந்துவிடுகிறது, ரத்த-மூளைத் தடுப்பைக் கடப்பதும் அரிது. மின்னேற்றம் மிகுந்த பிடிஎன்எஃப் வழியிலுள்ள திசுக்களிலெல்லாம் ஒட்டிக்கொள்கிறது. எலியின் தசையில் வைரஸ் ஊர்தியைச் செலுத்தி, அது நரம்பிழை வழியாகத் தண்டுவடம் ஏறி ஐஜிஎஃப்-1 மரபணுவைச் சேர்த்தபோது ஆயுள் நீண்டது. 2003-இல் வெளியான அந்தச் சோதனை, மேலே சொன்ன இழுவண்டிப் பாதையையே பயன்படுத்திக்கொண்டது. எலியில் இழையின் நீளம் சில சென்டிமீட்டர்தான் என்பதையும் மறக்கக் கூடாது.

இரண்டாவது காரணத்தை நான் இன்னும் முக்கியமாகக் கருதுகிறேன். செல் சாகாமல் இருப்பதும் செல் வேலை செய்வதும் ஒன்றல்ல. எஸ்ஓடி1 மரபணுப் பிறழ்ச்சி கொண்ட ஏஎல்எஸ் எலிகளில் பேக்ஸ் புரதத்தை முழுவதுமாக நீக்கியபோது தண்டுவடத்தில் இயக்க நரம்புச் செல்கள் காப்பாற்றப்பட்டன. ஆயினும் இழை நுனிகள் தசையிலிருந்து கழன்றுகொண்டே இருந்தன, ஆயுள் சற்றே நீண்டது. நோய் தசையின் முனையில் தொடங்குகிறது. நாம் காப்பதோ மறுமுனையில் இருக்கும் உடலை. போதாததற்கு, மனிதரில் கை தளர்ந்து நோய் கண்டறியப்படும்போதே ஏராளமான செல்கள் போய்விட்டிருக்கும். எலிகளுக்கோ பெரும்பாலும் அறிகுறி தோன்றுமுன்பே சிகிச்சை தொடங்கியிருக்கும்.

எஸ்எம்ஏ குழந்தைகளுக்குக் கொடுக்கிற விலையுயர்ந்த மருந்தும் இதுதானா?

அல்ல. எஸ்எம்ஏ என்பது தண்டுவடத்து இயக்க நரம்புச் செல்கள் மடிந்து தசை மெலியும் மரபணு நோய். நுசினெர்சென், ரிஸ்டிப்ளாம், மரபணு மாற்றுச் சிகிச்சை ஆகிய மூன்றும் அந்தக் குழந்தைகளிடம் குறைவாக உள்ள எஸ்எம்என் என்ற புரதத்தைக் கூட்டுபவை. அது எல்லாச் செல்களுக்கும் உள்ளேயே வேலை செய்யும் புரதம்; வெளியிலிருந்து செய்தி கொண்டுவருவது அல்ல.

அதிகமாகக் கொடுத்தால் நல்லதுதானே, கெடுதல் என்ன வந்துவிடும்?

வரும். பிடிஎன்எஃப் செல்லைக் காக்கும் அதே வேளையில், நரம்புச் செல்கள் செய்தி பரிமாறப் பயன்படுத்தும் குளூட்டமேட் மிகையால் நேரும் சேதத்துக்கு இயக்க நரம்புச் செல்லை எளிதில் இலக்காக்கவும் செய்யும் என்று தட்டுச் சோதனைகள் காட்டுகின்றன. பி75 என்ற மற்றோர் ஏற்பியில், முழுமையாக வெட்டப்படாத முன்வடிவக் காரணிகள் ஒட்டினால் செய்தி தலைகீழாகி 'செத்துப்போ' என்றாகிவிடும்; வளர்ந்த இயக்க நரம்புச் செல்களில் மறைந்திருக்கும் இந்த ஏற்பி, காயம்பட்டதும் மீண்டும் தோன்றுகிறது. விஇஜிஎஃப் மிகுந்தால் வேண்டாத ரத்தக்குழாய்கள் முளைக்கும். தசையில் ஜிடிஎன்எஃப் மிகையாகச் சுரக்கும் எலிகளில் ஒரே தசையிழையைப் பல நரம்பு நுனிகள் பற்றிக்கொண்டன.

உடற்பயிற்சி செய்தால் பிடிஎன்எஃப் கூடுமாமே, அப்படியானால் நோய் வராதா?

சுருங்கும் தசையில் பிடிஎன்எஃப் உற்பத்தி கூடுவது உண்மை. ஆனால் அது பெரும்பாலும் அந்தத் தசைக்குள்ளேயே பயன்படுகிறது. ரத்தத்தில் அளக்கப்படும் பிடிஎன்எஃப் பெருமளவு ரத்தத் தட்டுகளில் சேமித்திருப்பது; ரத்தப் பரிசோதனைத் தாளில் எண் கூடியதை வைத்துத் தண்டுவடத்தில் என்ன நடக்கிறது என்று சொல்ல முடியாது. உடற்பயிற்சிக்கு வேறு நூறு நல்ல காரணங்கள் இருக்கின்றன; இயக்க நரம்பு நோயைத் தடுக்கும் வழி என்று அதை யாரிடமும் நான் சொல்வதில்லை.

மாத்திரையாகவோ ஊசியாகவோ கிடைக்கிறதா? இணையத்தில் விற்கிறார்களே?

இவை புரதங்கள், விழுங்கினால் வயிற்றில் செரித்துவிடும். 'நரம்பு வளர்ச்சிக் காரணி' என்று எழுதி விற்கப்படும் மாத்திரைகளை வாங்கிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். இயக்க நரம்பு நோய்க்கென ஒப்புதல் பெற்ற வளர்ச்சிக் காரணி மருந்து ஒன்றும் இல்லை.

மற்ற இடங்களில் சில வெற்றி பெற்றிருக்கின்றன. அவை எங்கே வெற்றி பெற்றன என்பது கவனிக்கத்தக்கது. என்ஜிஎஃப் கருவிழிப் புண்ணுக்கான கண் சொட்டு மருந்தாக அமெரிக்காவில் 2018-இல் ஒப்புதல் பெற்றது. ஏஎல்எஸ்ஸில் தோற்ற சிஎன்டிஎஃப், அதைச் சுரக்கும் செல்களை ஒரு சிறு உறையில் அடைத்துக் கண்ணுக்குள் பொருத்தும் சிகிச்சையாக, ஒரு வகை விழித்திரைச் சிதைவுக்கு 2025-இல் அங்கே ஒப்புதல் பெற்றது. இரண்டிலும் மருந்து வேண்டிய இடத்திலேயே வைக்கப்படுகிறது.

அப்படியானால் தண்டுவடத்துக்குள்ளேயே காரணியைச் சுரக்கும் செல்களை வைத்தால்?

அதையும் தொடங்கிவிட்டார்கள். ஜிடிஎன்எஃப் சுரக்கும்படி மாற்றிய நரம்பு முன்னோடிச் செல்களை 18 ஏஎல்எஸ் நோயாளிகளின் தண்டுவடத்தில் கால் பகுதிக்கு உரிய இடத்தில், ஒரு பக்கம் மட்டும் ஊசியால் செலுத்திய முதற்கட்ட ஆய்வு 2022-இல் வெளியானது. ஒரு பக்கம் மட்டும் என்பதில்தான் அதன் நுட்பம் இருக்கிறது: அதே நோயாளியின் மறுகால் ஒப்பீடாகிவிடுகிறது. சிகிச்சை பெற்ற கால் மற்றதைவிட வேகமாகத் தளரவில்லை. பின்னர் இறந்தவர்களின் தண்டுவடத்தைப் பரிசோதித்தபோது, செலுத்திய செல்கள் உயிரோடு இருந்து ஜிடிஎன்எஃப் உற்பத்தி செய்திருந்தன. ஊசி போட்ட இடத்தருகே தீங்கற்ற சிறு நரம்பு முடிச்சுகளும் காணப்பட்டன. அறுந்த நரம்பில் சுருண்டு நின்ற இழைகளைப் பற்றிச் சொன்னதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அது வியப்பாக இராது.

இது பாதுகாப்பைச் சோதிக்க வடிவமைத்த ஆய்வு. நோய் குறைகிறதா என்பதை 18 பேரைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. தவிர, இங்கே ஜிடிஎன்எஃப் செல்லின் உடலருகே கிடைக்கிறது, இழை நுனியில் அல்ல. எலிக்கும் மனிதனுக்குமான பதிலில் சொன்ன இரண்டாவது காரணத்தை இந்த முறை நேரடியாகத் தீர்க்கவில்லை.